வாயால் வாசித்த திறப்புகள்

"கொஞ்சம் பொறுங்கோ, ரயில் போகட்டும்."

மிஸ்ஸை நினைத்தால் முதலில் இந்த வார்த்தைகள்தான் காதில் விழுகின்றன. வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையின் கடைசி வீட்டு மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. யன்னலுக்குக் கீழே தண்டவாளம், அதற்கப்பால் கருங்கற்கள், அதற்கப்பால் கடல். ரயில் வந்தால் மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை நடுங்கும். மிஸ் தொலைபேசி ரிசீவரை நெஞ்சோடு அணைத்தபடி, கடைசிப் பெட்டி மறையும் வரை கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ரிசீவரைக் காதில் வைத்து, கண்களை மூடி, "ஓம், இப்ப வாசியுங்கோ" என்பார்.

மறுமுனையில் யாரோ வாசிப்பார்கள். ஒஸ்லோவில் ஒருவர், ஜெனீவாவில் ஒருவர், திருகோணமலையில் ஒருவர். அவர்கள் வாசிப்பது கதையோ கடிதமோ அல்ல. எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த ஒரு நீண்ட வரிசை. பழுதான லைனில் பி, சி, டி, ஈ எல்லாம் ஒரே மாதிரித்தான் கேட்கும். அதனால் மிஸ் எழுத்துகளுக்கு ஊர்ப் பெயர்களை வைத்திருந்தார். ஏ என்றால் அம்பாறை. பி பதுளை. சி சிலாபம். டி தெஹிவளை. ஈ எல்ல. எஃப் மட்டும் ஃபோர்ட், கோட்டை ரயில் நிலையம்.

"அம்பாறை, நாலு, நாலு, எல்ல. சிலாபம், ஒன்பது, பதுளை, பூச்சியம்."

போர் நடந்த காலம். கொழும்பிலிருந்து தெஹிவளைக்குப் போவதற்கே இரண்டு இடத்தில் இறங்கி நின்று அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் மிஸ் கண்ணை மூடிக்கொண்டு, பிற்பகல் வெயில் முகத்தில் விழ, ஒரு மூச்சில் அம்பாறையிலிருந்து எல்லவுக்கும் எல்லவிலிருந்து சிலாபத்துக்கும் போய்வருவார். வாசிப்பைக் கேட்டுக்கொண்டு மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கும் எனக்குச் சில சமயம் தேயிலை மணக்கும், சில சமயம் உப்பளக் காற்று வீசும். பாதி வேலையில் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்களுடையது சிறிய அலுவலகம். காணாமல் போனவர்களின் வீட்டார் வந்து சொல்வதை எழுதி, மொழிபெயர்த்து, மின்னஞ்சலில் வெளிநாடுகளுக்கு அனுப்புவதுதான் வேலை. டைரக்டர் ஓய்வுபெற்ற சட்டத்தரணி. நான் மொழிபெயர்ப்பாளன். எழுதியவை வழியில் வேறு யார் கண்ணிலும் படாமல் போய்ச் சேரவைப்பது மிஸ்ஸின் பொறுப்பு. அதற்கு முன் கொட்டாஞ்சேனையில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பித்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மிஸ்தான். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் தன் பெயரை ஒருபோதும் ஒளித்தவரில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே எனக்கும் ஒரு திறப்புச் சோடி, கணினிக்குள் இருக்கும் இரண்டு சாவிகள், செய்து தந்தார். "இது ரெண்டு பாகம். ஒண்டு பூட்ட மட்டும். மற்றது திறக்க மட்டும். பூட்டுறதை ஊர் முழுக்கக் குடுங்கோ, எல்லாரும் தேடிப் பாக்கிற பொதுச் சேர்வரிலயும் போடுங்கோ. உங்களுக்கு எழுத விரும்புற ஆள் அதைத் தேடி எடுத்துப் பூட்டி அனுப்பும். திறக்கிறதுக்கு ஒரு கடவுச்சொல் போட்டு உங்களிட்ட மட்டும் வச்சிருக்கவேணும். எனக்கும் காட்டக்கூடாது."

"ஊர் முழுக்கக் குடுத்தா ஆபத்தில்லையா?"

"பூட்டுறதால யாருக்கு என்ன ஆபத்து?"

ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. சேர்வரில் யாரும் யார் பெயரிலும் ஒரு திறப்பைப் போடலாம். கேட்க ஆளில்லை. என் பெயரில் வேறொருவன் போட்டால், எனக்கென்று பூட்டியதை அவன் திறந்து படிப்பான். ஆகவே ஒவ்வொரு திறப்புக்கும் உள்ள அந்த எண் வரிசையை, கைரேகை என்பார்கள் அதை, உரியவரின் வாயாலேயே வாசிக்கக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். நான் மிஸ்ஸின் பக்கத்து மேசை. அவர் கண் முன்னால்தான் என் திறப்பே உண்டானது. ஆனாலும் மறுநாள் எனக்கு ஒன்று அனுப்பவேண்டி வந்தபோது, கதிரையை என் பக்கம் திருப்பி, "வாசியுங்கோ" என்றார்.

"என்ன மிஸ், என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"உங்களைத் தெரியும். இதைத் தெரியாது" என்று திரையைக் காட்டினார்.

வாசித்தேன். நடுவில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டேன். திரும்ப முதலிலிருந்து வாசிக்க வைத்தார். டைரக்டர் கதவருகில் நின்று சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை.

இப்படி எதையும் எளிதில் நம்பாதவர் என்றால் கடுகடுப்பான பெண்ணாக இருந்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. ஒரு மத்தியானம் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தன் அப்பாவின் கதையைச் சொன்னார். அவர் துறைமுகத்தில் கிளார்க். அதே முதலெழுத்து, அதே பெயரில் இன்னொருவரும் அங்கே வேலை செய்தார். ஒருநாள் தந்தி வந்தது. அம்மா மோசம் போய்விட்டார், உடனே வரவும் என்று. அப்பா தலையிலடித்து அழுதார். வீடே அழுதது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் வந்து கூடவிருந்து அழுதார்கள். மன்னாருக்கு ரயிலேறப் பையெல்லாம் கட்டிய பிறகுதான், செத்தது மற்றவருடைய தாய் என்று தெரிந்தது.

"பிறகு?"

"பிறகென்ன. அந்த ஆளைத் தேடிப்பிடிச்சுத் தந்தியைக் குடுத்தார். அடுத்த ஞாயிறு அந்த மனிசிக்காகப் பூசையும் குடுத்தார். இவ்வளவு அழுதிட்டன், இனி அவவும் எனக்கு அம்மாதான் எண்டு சொல்லுவார்." பாண் துண்டால் பருப்பை வழித்துக்கொண்டே சொன்னார்: "பேர் சரியா இருந்தா மனுசர் உடனே அழத் தொடங்கிருவினம்."

தன் சொந்தத் திறப்பின் கைரேகையைச் சிறு துண்டுகளில் அச்சடித்துக் கைப்பையில் வைத்திருப்பார். சந்திப்பவருக்கெல்லாம் கொடுப்பார். ஒரு பின்னேரம் இருவரும் காலி வீதியில் நடந்து வரும்போது காவலரணில் மறித்தார்கள். சின்ன வயது இராணுவப் பையன் மிஸ்ஸின் கைப்பையைக் கிளறி அந்தத் துண்டுகளை எடுத்தான்.

"மே மொனவத, மிஸ்?" இவை என்ன என்று கேட்டான்.

எண்களும் எழுத்துகளும் நிறைந்த துண்டுகள், தமிழ்ப் பெண்ணின் கைப்பையில். மிஸ் தன் கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில் மிகச் சாதாரணமாக, "மகே யதுர, மல்லி" என்றார். என்னுடைய திறப்பு, தம்பி.

திறப்பென்றால் பூட்டு எங்கே என்று அவன் கேட்டான். மிஸ் நின்று விளக்கினார். எனக்கு இரகசியமாக எழுத விரும்புகிறவர்கள் இதை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள், யாரும் எழுதலாம், நீயும் எழுதலாம் என்றார். பையன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவன் ஒரு துண்டை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்களைப் போகச் சொன்னான்.

அதன் பிறகு பல நாட்கள் நான் பகிடிக்குக் கேட்பேன். "ஆமிக்காரத் தம்பி எழுதினாரா?"

"இன்னும் இல்லை. எழுதினா முதல்ல ரெலிபோன் கோல் எடுத்து வாசிக்கச் சொல்லவேணும்."

மட்டக்களப்பில் எங்களுக்காக வேலை செய்த ஒருவர் இருந்தார். பகலில் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பார். மற்ற நேரத்தில் சைக்கிளில் ஊரூராகப் போய் வாக்குமூலங்கள் எடுப்பார். ஒரு தடவைதான் கொழும்புக்கு வந்தார். மெலிந்த, கூச்சமுள்ள மனிதர். மிஸ்ஸின் முன்னால் கதிரை நுனியில் இருந்து தன் கைரேகையை வாசித்தார். பக்கத்தில் நானும் இருந்து என் திரையில் சரிபார்த்தேன். ஊர்ப் பெயர் முறையை மிஸ் ஒரு முறைதான் சொன்னார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல், அவசரப்படாமல், வகுப்பில் வாய்ப்பாடு சொல்வதைப்போல் வாசித்து முடித்தார். மிஸ் கண்ணைத் திறந்து, "வடிவா வாசிக்கிறீங்கள்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படியொரு பாராட்டை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு வருடம் ஒரு முறையாவது, மிஸ் கேட்காமலே, அவர் கோல் எடுப்பார். "மிஸ், ஒருக்கா சரிபார்ப்பமா?" என்பார். தேவையில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் வாசிப்பார், இவர் கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும் ஒருவரையொருவர் சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். அதைக் காதலென்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. அவ்வளவு கவனமாக ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்று மட்டும் சொல்லலாம்.

ஒரு நாள் காலை அவருடைய முகவரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கணினி பழுதாகிவிட்டது, பழைய திறப்புப் போய்விட்டது, புதிது செய்து சேர்வரில் போட்டிருக்கிறேன், இனி அதைப் பாவியுங்கள் என்று. கூடவே இன்னொரு விஷயமும் இருந்தது. அவர் முன்பு வாக்குமூலம் எடுத்து, பயத்தில் கொழும்புக்கு வந்துவிட்ட ஒரு தாயையும் மகளையும் வெளிநாட்டுக்கு எடுக்க ஒரு அமைப்பு சம்மதித்திருக்கிறதாம். அவர்கள் தங்கியிருக்கும் முகவரி உடனே வேண்டுமாம்.

அந்தத் தாயும் மகளும் மட்டக்குளியில் ஒரு அறையில் இருந்தார்கள். ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் முகங்களைப் பார்த்த சாட்சிகள் அவர்கள். எத்தனையோ கதவுகளைத் தட்டி ஓய்ந்திருந்த டைரக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உடனே அனுப்புங்கோ மிஸ்."

மிஸ் சேர்வரில் தேடினார். மட்டக்களப்புக்காரரின் பெயரில் இரண்டு திறப்புகள் இருந்தன. பழையது ஒன்று, நேற்றுப் போட்டது ஒன்று. பெயரும் முகவரியும் ஒன்றேதான்.

"குரல் கேக்காமல் அனுப்பேலாது சேர்."

"அவரின்ர ஈமெயில்தானே? அவரின்ர பேர்தானே?"

"ஓம். பேர் சரிதான்."

டைரக்டர் கோபத்தில் மேசையில் தட்டினார். இந்தச் சந்தர்ப்பம் தவறினால் அந்தப் பிள்ளையின் கதி என்ன என்று கேட்டார். மிஸ் விசைப்பலகையை இழுத்தார். கோல் எடுத்து வாசிக்கும்படி ஒரே வரியில் பதில் எழுதினார். அவருடைய கைத்தொலைபேசிக்கும் எடுத்துப் பார்த்தார். அது அணைந்து கிடந்தது.

அடுத்த நாள் பிற்பகல் மணி அடித்தது. மிஸ் எடுத்தார்.

அவருடைய குரல்தான். நான் பக்கத்தில் இருந்தேன், எனக்கும் கேட்டது. தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தாலும் அதே குரல். மிஸ்ஸின் தோள்கள் தளர்ந்தன. டைரக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போது ரயில் வந்தது.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார் மிஸ். அன்று அவர் கடலைப் பார்க்கவில்லை. ரிசீவரை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் போன பிறகு, "ஓம், வாசியுங்கோ."

அவர் புதிய கைரேகையை வாசித்தார். அவசரப்படாமல்தான் வாசித்தார். மிஸ் அன்று கண்ணை மூடவில்லை. சுட்டுவிரல் திரையில் எழுத்தெழுத்தாக நகர்ந்தது. எல்லாம் பொருந்தி வந்தது. கடைசிக்குச் சற்று முன்னால் தெஹிவளை வரவேண்டிய இடத்தில் அவர், "பதுளை" என்றார். மிஸ்ஸின் விரல் அந்த இடத்திலேயே நின்றது. அவர் நிறுத்தாமல் மிச்சத்தை வாசித்து முடித்தார்.

"சரி" என்றார் மிஸ். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "எல்லாம் சரியா இருக்கு. சாப்பிட்டீங்களா?"

"ஓம் மிஸ். சாப்பிட்டன்."

"கொழும்புப் பக்கம் எப்ப வாறீங்கள்?"

"வருவன் மிஸ்" என்றார். பிறகு, "நீங்க வடிவா கேப்பீங்க எண்டு எனக்குத் தெரியும்" என்றார். தொடர்பு அறுந்தது.

மிஸ் ரிசீவரை வைத்தார். அதை வைத்த கை அதன் மேலேயே கிடந்தது.

"பிழை" என்றார். "தெஹிவளைக்குப் பதிலா பதுளை எண்டு வாசிச்சவர்."

டைரக்டருக்கு விளங்கவில்லை. "ஒரு எழுத்துத்தானே மிஸ். லைன் பழுது. களைச்சுப்போன மனுசன்..."

"சேர், அவர் என்னோட வாசிக்கத் தொடங்கின நாளில இருந்து ஒண்டும் பிழைச்சதில்லை. பிழைச்சாலும் அந்த இடத்திலயே நிண்டு திருத்துவார். இண்டைக்கு நிக்கேல்லை." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "பக்கத்தில அவரைப் பிடிச்ச ஆக்கள் நிக்கினம். பழைய திறப்பின்ர கடவுச்சொல்லை அவர் இன்னும் குடுக்கேல்லை. குடுத்திருந்தா இப்பிடிப் புதுசு ஒண்டு தேவைப்பட்டிருக்காது."

டைரக்டர் கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு எழுந்து, தெரிந்த ஒரு கன்னியர் மடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். நானும் மிஸ்ஸும் ஓட்டோ பிடித்து மட்டக்குளிக்குப் போனோம். தாயையும் மகளையும், உடுத்த உடுப்போடு, வெயில் சாயும் முன் அந்த மடத்தில் கொண்டுபோய் விட்டோம். திரும்பி வந்ததும் மிஸ் அந்தப் புதிய திறப்பால் ஒரு பதிலைப் பூட்டி அனுப்பினார். அவர்கள் போன கிழமையே இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது என்று. அவர் எழுதி நான் பார்த்த ஒரே பொய் அதுதான்.

தாயும் மகளும் பிழைத்தார்கள். பல மாதங்கள் கழித்து உண்மையிலேயே வெளிநாடு போய்ச் சேர்ந்தார்கள். மகள் அங்கே தாதியாக வேலை செய்வதாகப் பின்னாளில் அறிந்தேன். மட்டக்களப்புக்காரர் வரவில்லை. யார் யாரையோ கேட்டோம். எந்த முகாமிலும் அவர் பெயர் இல்லை என்றார்கள். நாங்கள் மற்றவர்களுக்காக எழுதுகிற அதே வாக்குமூலத்தை அவருக்காக எழுத வேண்டி வந்தது. நான்தான் மொழிபெயர்த்தேன். மிஸ் அதை ஒரு முறை வாசித்துவிட்டு அனுப்பினார். அந்தக் கிழமை முழுவதும் தொலைபேசி அடித்தால், யாரும் எழும்புமுன் அவர் எழும்பிவிடுவார்.

மழைக்காலம் முடியும் நேரத்தில் மட்டக்களப்புக்காரரின் அக்கா வந்தார். மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வந்து களைத்துப் போயிருந்தார். மிஸ்ஸின் வயதுதான் இருக்கும். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"அவன்ட கொம்பியூட்டரையும் கொண்டு போயிட்டானுகள். படிப்பிச்ச கொப்பிகளையும் கொண்டு போயிட்டானுகள். வீட்டுல ஒண்டும் மிச்சமில்ல. இஞ்சயாவது அவன்ட பேரு இருக்குமா புள்ள?"

மிஸ் அவரைத் தன் பக்கத்தில் இருத்திச் சேர்வரில் தேடினார். தம்பியின் பெயர் இரண்டு வரிகளில் வந்தது.

"இது தம்பி. கீழ இருக்கிறது தம்பி இல்லை. அவரைப் பிடிச்ச ஆக்கள் அவரின்ர பேரில போட்டது."

அக்கா அந்த இரண்டாவது வரியையே பார்த்தார். "அத அழிச்சிருங்க புள்ள."

"அழிக்கேலாது அக்கா. இதில போட்டது ஒண்டும் அழியாது. ஆனா எது தம்பி எண்டு தேடுற எல்லாருக்கும் தெரியச் செய்யலாம்."

அதற்கு ஒரு வழி இருந்தது. ஒரு திறப்பு உண்மையிலேயே இன்னாருடையதுதான், நான் சரிபார்த்தேன் என்று இன்னொருவர் தன் திறப்பால் அதன் கீழே கையொப்பம் வைக்கலாம். அதுவும் சேர்வரில் நிற்கும். மிஸ் அன்றே தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினார். மட்டக்களப்புக்காரர் தன் வாயால் வாசித்ததைத் தம் காதால் கேட்டவர்கள் மட்டும் கையொப்பம் வைக்கவேண்டும் என்று. தன் கையொப்பத்தை முதலில் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் வைத்தேன்.

டைரக்டர் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். "நானும் போடுறன் மிஸ்."

"அவர் வாசிச்சதை நீங்கள் கேட்டனீங்களா சேர்?"

டைரக்டர் யோசித்தார். மட்டக்களப்புக்காரர் கொழும்புக்கு வந்த அன்று அவர் ஒரு வழக்கைப் பார்க்க நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். "இல்லை" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். இந்தப் பெண்ணுக்கு இதயமே இல்லையா என்று அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது.

அக்கா இரண்டு நாள் எங்களோடு இருந்தார். கையொப்பங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில பெயர்களை எங்களுக்கே தெரியாது. தம்பி யாருக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் ஆங்கில எழுத்தில் இருந்ததால் அக்காவால் வாசிக்க முடியவில்லை. மிஸ் வாசித்துச் சொன்னார். பெயர், பிறகு நாடு. ஒவ்வொரு பெயருக்கும் அக்கா, "ம்" என்றார். வெளியே கடல் மங்கிக்கொண்டு வந்தது. யாரும் விளக்கைப் போடவில்லை.

"இவ்வளவு பேரும் அவன்ட சத்தத்தக் கேட்ட ஆக்களா?"

"ஓம் அக்கா."

"அவன் வீட்டுல கதைக்கவே மாட்டான்" என்றார் அக்கா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "நானும் போட ஏலுமா, புள்ள?" என்று கேட்டார்.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். டைரக்டரும் தன் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அக்காவிடம் திறப்பு இல்லை. கணினியைத் தொட்டதுகூட இல்லை. தம்பி எந்த எண்ணையும் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்.

டைரக்டரிடம் கேட்டதை மிஸ் அக்காவிடம் கேட்கவில்லை. கதிரையை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டு, "முதல்ல உங்களுக்கு ஒண்டு செய்வம்" என்றார். அக்காவின் பெயரைக் கேட்டுத் தட்டினார். திரையில் ஏதேதோ ஓடி நின்றது. பிறகு தம்பியின் வரியை எடுத்து, அதில் விரலை வைத்துக் காட்டினார்.

"அக்கா, இது உங்கட தம்பிதானே?"

வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அவன்தான்" என்றார்.